ஆறும் ஆறலைப்போரும்: விண்மீனிடைப் பயணப் புனைகதைகளில் வழி, காவல், கொள்ளை

வழிப்பறி செய்வோரைத் தமிழ் 'ஆறலை கள்வர்' என வழங்கும். ஆறு என்பது வழி. அலைத்தல் என்பது வருத்துதல். கள்வரைச் சுட்ட வந்த தொடரில் கள்வருக்கு முன்னே வழி நிற்கின்றது. வழி உள்ள இடத்தில்தான் வழிப்பறியும் உண்டு என்னும் உண்மை சொல்லமைப்பிலேயே அடங்கிக் கிடக்கின்றது. இதனை அளவுகோலாகக் கொண்டு, ஆங்கிலத்தில் எழுந்துள்ள விண்மீனிடைப் பயணப் புனைகதைகளுள் சிலவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். அக்கதைகளில் வணிகக் கலங்கள் ஒரு விண்மீனிலிருந்து மற்றொரு விண்மீனுக்குச் சரக்கேற்றிச் செல்கின்றன, வானிடை நிலையங்கள் அவற்றை வழிப்படுத்தித் துறையில் நிறுத்துகின்றன, கொள்ளையர் இடைமறிக்கின்றனர். இவையெல்லாம் பழைய கடற்கதைகளின் மறுகோலமே, கடலென்று எழுத வேண்டிய இடத்தில் விண்ணென்று எழுதியதொன்றே புதுமை எனச் சொல்லி ஒதுக்குதல் எளிது. பல கதைகளுக்கு அத்தீர்ப்புப் பொருந்தவும் பொருந்தும். ஆயின் சிறந்த சில கதைகள் அதற்கு அகப்படாமல் நிற்கின்றன. அவை அவ்வாறு நிற்பதற்குக் காரணம் அவற்றில் வரும் கொள்ளையர் அல்லர், அவற்றில் வரும் வழியே என்பது எம் கருத்து.

இத்தகைய கதைகளைத் தமிழ் பயில்வோர் ஆராய்தல் வேண்டுமோ என்று முதுகலை மாணவர் சிலர் வினவுவதுண்டு. பட்டினப்பாலை பயின்றவர் இவ்வினாவை எழுப்புதல் வியப்பே. துறையில் வந்திறங்கும் பண்டம், அதன்மேல் இடப்படும் புலிப்பொறி, சுங்கம் கொள்வோரின் அயரா உழைப்பு ஆகியவற்றைப் பாட்டுக்குரிய பொருளாகக் கொண்ட புலவர் நம்மவர். வணிகமும் காவலும் இலக்கியத்துக்குப் புறம்பானவை என்னும் எண்ணம் நம் மரபில் பிறந்ததன்று. இதற்குமேல் அவ்வினாவுக்கு விடை வேண்டுவதில்லை.

கடலில் கொள்ளை பெரும்பாலும் எங்கு நிகழ்கின்றது என்பதை முதற்கண் நோக்குதல் வேண்டும். மலாக்கா நீரிணை, சிங்கப்பூர் நீரிணை, ஏடன் வளைகுடா என நீர் ஒடுங்கும் இடங்களிலும் அவற்றின் வாயில்களிலுமே அது மிகுதியும் நிகழ்ந்துள்ளது. கலங்கள் அங்கே வந்தே தீரவேண்டும்; ஆதலின் கொள்ளையரும் அங்கே காத்திருப்பர். கப்பல்கள் ஒன்றோடொன்று மோதாதிருக்கப் போக்கு வழியும் வரவு வழியும் வேறு வேறாக வகுக்கும் முறை டோவர் நீரிணையில் 1967இல் தொடங்கியதும் இவ்வொடுக்கம் பற்றியே. சோமாலியக் கொள்ளையர் தொல்லை மிக்கபோது, ஏடன் வளைகுடாவில் 2009இல் வணிகக் கலங்களுக்கென்று ஒரு நெடுவழி வரையறுக்கப்பட்டது. பரந்து செல்லும் கலங்களை ஒரு வழியில் திரட்டினால்தான் போர்க்கப்பல்கள் அவற்றைக் காக்க இயலும். அவ்வாறு திரட்டுதல், கலங்கள் எங்குள்ளன என்பதைக் கொள்ளையருக்கும் உணர்த்திவிடுகின்றது என்பதையும் மறத்தற்கில்லை. காவலுக்கும் களவுக்கும் பொதுவான களம் வழியே.

விண்ணின் இயல்போ முற்றிலும் வேறு. ஞாயிற்றுக்கு மிக அண்மையிலுள்ள விண்மீன் ஏறத்தாழ 4.2 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. 1977இல் ஏவப்பட்டு நொடிக்கு ஏறத்தாழ 17 கிலோமீட்டர் விரைவில் செல்லும் முதலாம் வாயேஜர், அத்துணைத் தொலைவைக் கடக்க 70,000 ஆண்டுகளுக்கு மேலாகும். இப்பெருவெளியில் நீரிணை இல்லை, கணவாய் இல்லை, கரையில்லை. இரு கலங்கள் தற்செயலாக எதிர்ப்படுதல், இரு வேறு கடல்களில் விழுந்த இரு மணல்கள் ஒன்றையொன்று தீண்டுதல் போன்றது. அங்கே கொள்ளையன் எங்கே காத்திருப்பான்? யாருக்காகக் காத்திருப்பான்? இவ்வினாவை எழுப்பிக்கொள்ளாத ஆசிரியன் கடற்கதையையே எழுதுகின்றான். எழுப்பிக்கொண்டவன், கொள்ளையனைப் படைக்கு முன்னர் வழியைப் படைக்கக் கடமைப்படுகின்றான். ஒளியினும் விரைந்து செல்லும் பயணம் எவ்வாறு நிகழ்கின்றது, அது எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது, எங்கே தடுக்கப்படலாம் என்னும் விதிகளை அவன் வகுத்தாக வேண்டும். அவ்விதிகளே அவ்வுலகின் மலையும் ஆறும் கடலுமாகும். நம் பொருளிலக்கண மரபில் வைத்துக் கூறின், முதற்பொருளாகிய நிலத்தை அவனே படைத்துக்கொண்டு அதன்மேல் உரிப்பொருளை நிறுத்துகின்றான்.

தொடக்கக் காலத்தார் இக்கடமையை உணர்ந்திலர். ஈ. ஈ. ஸ்மித் 1934இல் தொடராக வெளியிட்ட 'ட்ரைபிளானட்டரி' என்னும் கதையில், கோள்களுக்கிடையே செல்லும் பெரும்பயணக் கலமொன்று கொள்ளையருக்கு இரையாகின்றது. கொள்ளையர் தலைவன் தானே செய்வித்த செயற்கைக் கோளொன்றில் வீற்றிருக்கின்றான். அவன் எங்கும் தோன்றுவான், எங்கும் மறைவான். அவனுக்கு வழியென்பது ஒரு பொருட்டன்று. ஆதலின் அவன் அச்சுறுத்துகின்றானேயன்றி நம்மைச் சிந்திக்கவைப்பதில்லை. அவர் 1937, 1938 ஆண்டுகளில் எழுதிய 'கேலக்டிக் பட்ரோல்' என்னும் தொடரில் ஒரு சிறு முன்னேற்றம் உண்டு. கொள்ளையர் என்று காவற்படையினர் கருதியவர்கள் வெறுங்கூட்டத்தாரல்லர், தமக்கென அரசும் ஒழுங்கும் உடைய மற்றொரு பேரமைப்பினர் என்பது கதைப்போக்கில் வெளிப்படுகின்றது. கொள்ளையன் என்னும் பெயர் யார் இட்ட பெயர் என்னும் வினா அங்கே தலைகாட்டுகின்றது. ஸ்மித் அதனைத் தொட்டுவிட்டு அப்பாற் சென்றுவிடுகின்றார். அவருக்குப் போரே பெரிது.

போல் ஆண்டர்சன் 1956இல் எழுதிய 'மார்ஜின் ஆஃப் பிராஃபிட்' என்னும் சிறுகதை, இத்துறையில் எமக்குத் தெரிந்த கதைகளுள் கணக்கைக் கதையாக்கிய திறத்தால் தனித்து நிற்பது. இலாபத்தின் எல்லை என்பது தலைப்பின் பொருள். நிக்கலஸ் வான் ரைன் என்னும் பெருவணிகர் இதன் தலைவர். நறுமணப் பொருளும் மதுவும் விண்மீன்களிடையே விற்கும் நிறுவனத்தின் உரிமையாளர். பருத்த உடலும் உரத்த குரலும் உடைய இவரை வீரர் என்று சொல்லுதல் அரிது. இவருடைய கலங்கள் செல்லும் வழியில் போர்த்து என்னும் இனத்தாரின் நாடு குறுக்கே கிடக்கின்றது. அவர்கள் வணிகக் கலங்களைப் பிடிக்கின்றனர். அவர்கள் நாடுவது சரக்கன்று, ஆட்களே. பயிற்சி பெற்ற மாலுமிகள் அவர்களுக்குப் போதாமையால், பிடிபட்டோரின் உள்ளத்தை மாற்றித் தம் கலங்களில் பணிகொள்கின்றனர். மாலுமிகளின் சங்கம் அவ்வழியே செல்ல மறுக்கின்றது. சுற்றுவழியே சென்றால் செலவு மிகும். போர்க்கலங்களைத் துணையனுப்பினால் செலவு அதனினும் மிகும். அரசோ போருக்கு இசையாது.

இங்கே ஆசிரியர் எந்தப் புதுப் படைக்கலத்தையும் கண்டுபிடித்துத் தப்பித்துக்கொள்ளவில்லை என்பதே பாராட்டற்குரியது. வணிகக் கலத்தை ஓட்ட நால்வர் போதும். போர்க்கலத்துக்கு 20 பேர் வேண்டும். இதுவே கதையின் அடிப்படைக் கணக்கு. வான் ரைன் தம் கலங்களுள் நான்கில் ஒன்றுக்கு மட்டும் மறைவாகப் படைக்கலம் பூட்டுகின்றார். எது படைக்கலம் பூண்டது என்பது வெளித்தோற்றத்தால் அறியப்படாது. போர்த்தர் மூன்று கலங்களைப் பிடித்தால் 12 பேரைப் பெறுவர். நான்காவதைத் தாக்கித் தாமே அகப்பட்டால் 20 பேரை இழப்பர். கொள்ளையை இயலாததாக்க வேண்டுவதில்லை, பயனற்றதாக்கினால் போதும் என்பது வான் ரைனின் துணிபு. வாளால் தீராத வழக்கு வரவு செலவுக் கணக்கால் தீர்கின்றது. கடற்கொள்ளையின் வரலாற்றைப் பயின்றோர் இதனைப் புனைவென்று தள்ளார். காப்புறுதிக் கட்டணமும் சுற்றுவழிச் செலவும் கப்பலுடையோரின் முடிவுகளை எவ்வளவு தூரம் ஆள்கின்றன என்பது அவர்கள் அறிந்ததே.

எனினும் இக்கதையில் ஒரு குறை உண்டு. அது சிறு குறையன்று. உள்ளம் மாற்றப்பட்ட மாலுமிகள் கணக்கின் ஒரு கூறாகவே நின்றுவிடுகின்றனர். அவர்களுடைய துயர் கதையின் தொடக்கத்தில் ஒரு காரணமாகப் பயன்படுகின்றது. முடிவில் எவரும் அதனை நினைந்து வருந்துவதில்லை. 12 என்னும் எண்ணுக்குள் பன்னிருவர் இருக்கின்றனர் அன்றோ? வான் ரைன் மறக்கலாம், அவர் வணிகர். அவரைப் படைத்தவர் மறத்தலாகாது.

ஆண்டர்சன் விட்ட இடத்தை ஒருவகையில் நிரப்புவது, அதற்கு அடுத்த ஆண்டில், 1957இல், இராபர்ட் ஐன்லைன் எழுதிய 'சிட்டிசன் ஆஃப் தி கேலக்சி' என்னும் நாவல். இளையோருக்கென எழுதப்பட்ட நூல் என்னும் காரணத்தால் இதனைத் திறனாய்வாளர் சிறிதாக மதிப்பிடுவதுண்டு, அது பொருந்தாது. தோர்பி என்னும் சிறுவன் அடிமைச் சந்தையில் விற்கப்படுகின்றான். சந்தை கூடும் நகரின் பெயர் ஜபல்பூர் என்பதன் பழைய ஆங்கில எழுத்தீட்டை ஒட்டியது. இந்திய வாசகர் அப்பெயரைக் கண்டு ஒருகணம் நிற்பர். அவனை வாங்கி வளர்த்த இரவலர் பாஸ்லிம் இறந்தபின், சிசு என்னும் வணிகக் கலத்தார் அவனைத் தம் குடும்பத்துள் ஏற்கின்றனர்.

இந்நாவலில் கொள்ளையர் தாக்கும் காலம் வரையறுக்கப்பட்டுள்ளது. கலம் ஒளியின் விரைவைக் கடந்துவிட்டால் அதனை எவரும் தொடர இயலாது. அவ்விரைவை எட்டும் வரையில், விண்மீனை அணுகும்போதும் நீங்கும்போதும் மட்டுமே அது அகப்படும். கடலில் நீரிணை இடத்தில் அமைந்த ஒடுக்கம்; இங்கோ ஒடுக்கம் காலத்தில் அமைந்துள்ளது. அந்தச் சில பொழுதுகளுக்காகவே சிசுவின் படைக்கல அறையில் கணிப்போர் முறைவைத்து விழித்திருக்கின்றனர். கணிதத் திறம் வாய்ந்த தோர்பி அங்கே அமர்த்தப்படுகின்றான். பகைவன் எங்கே இருக்கின்றான் என்பதைக் காட்டிலும், எறிபடை சென்று சேரும்போது எங்கே இருப்பான் என்பதைக் கணித்தலே அவன் தொழில். கொள்ளையனோடு நிகழும் போர் ஒரு சிறுவனின் மனக்கணக்காகச் சுருங்கும் அப்பகுதி நாவலின் சிறந்த பகுதிகளுள் ஒன்று.

கலத்தின் உறவுமுறையை விரிக்கும் பகுதியைத் தமிழர் மற்றவரினும் எளிதில் உணர்வர் என்று கூறலாம். கலத்தார் இரு பிரிவாக நின்று வாழ்கின்றனர். தன் பிரிவில் மணம் கூடாது. மகளிர் வேறு கலங்களுக்குக் கொடுக்கப்படுகின்றனர். ஒருவனை எவ்வுறவுப் பெயரால் அழைப்பது என்பது தெளியும் வரையில் அவன் அங்கே ஆளாகான். தன் பிரிவைச் சேர்ந்த மாட்டா என்னும் பெண்ணிடம் தோர்பி அறியாமல் நெருங்க, அவள் வேறொரு கலத்துக்கு மாற்றப்படுகின்றாள். முறை தவறிய அன்பின் கேட்டை விளக்க அவ்வாசிரியர் ஒரு மானிடவியலறிஞரைக் கலத்தில் ஏற்றிப் பேசவைக்க வேண்டியுள்ளது. நம் சிற்றூர்ப் பாட்டி ஒருத்திக்கு அவ்விளக்கம் வேண்டியிராது.

நாவலின் உயிர்ப்பகுதி இறுதியில் உள்ளது. தோர்பி நிலவுலகை அடைந்தபோது தான் ஒரு பெருநிறுவனத்தின் மரபுரிமையாளன் என்று அறிகின்றான். அந்நிறுவனத்தின் கிளையொன்று செய்து விற்கும் கலங்களே அடிமை வணிகரிடம் சென்று சேர்கின்றன என்பதையும் அறிகின்றான். வழியில் நின்று தாக்கியவனின் கலம் தன் குடும்பத்துப் பணிமனையில் பிறந்தது. கொள்ளையை வெளியில் தேடிய கதை வீட்டினுள் வந்து நிற்கின்றது. ஐன்லைன் இதனைத் தீர்க்கும் முறை, பங்குதாரர் கூட்டமும் வாக்கெடுப்புமாகச் சற்று விரைந்தே முடிகின்றது. ஆயினும் வினா கூர்மையானது. ஆண்டர்சனின் வணிகர் கொள்ளையரின் கணக்கை மட்டும் பார்த்தார். ஐன்லைன் வணிகரின் கணக்கையும் திறந்து பார்க்கச் சொல்கின்றார்.

காவல் முழுமை பெற்ற இடத்தில் என்ன நிகழும் என்பதற்கு, பிராங்க் ஹெர்பர்ட் 1965இல் நூலாக வெளியிட்ட 'டியூன்' சான்று. அங்கே விண்வழி முழுவதும் ஒரே கழகத்தின் கையில் உள்ளது. அதன் கலங்களன்றி வேறு கலம் விண்மீனிடைச் செல்வதில்லை. பகைவரிருவரும் அக்கழகத்தின் ஒரே கலத்தில் கூலி கொடுத்துப் பயணம் செய்யவேண்டும். ஆதலின் விண்மீனிடை வழிப்பறிக்கு அவ்வுலகில் இடமில்லை. ஆயின் பாலைநிலத்து மக்கள் தம் வானத்தில் வேவுக்கோள்கள் சுற்றாதிருக்கவேண்டி அக்கழகத்துக்கு மறைவாக நறும்பொருளைக் கையுறையாகச் செலுத்தி வருகின்றனர். வழியை மறிப்பவன் இல்லாத இடத்தில் வழியை உடையவனே இறை கொள்கின்றான். இதனை ஹெர்பர்ட் அழுத்திச் சொல்வதில்லை. போகிறபோக்கில் சொல்லிச் செல்கின்றார். அதனாலேயே அது நெஞ்சில் நிற்கின்றது.

லாரி நிவனும் ஜெர்ரி பூர்னலும் சேர்ந்து 1974இல் எழுதிய 'தி மோட் இன் காட்ஸ் ஐ' என்னும் நாவலில் விண்மீனிடைச் செலவு குறிப்பிட்ட சில புள்ளிகளில் மட்டுமே தொடங்கி முடிகின்றது. ஓரினம் முழுவதும் அத்தகைய ஒரு புள்ளியின் பின்னே அடைபட்டுக் கிடக்கின்றது. வழியின் வாயிலைக் காத்தால் ஓர் உலகையே சிறையிடலாம் என்பதற்கு அது தக்க எடுத்துக்காட்டு.

நூலல்லாத ஒன்றையும் இங்குச் சுட்டுதல் தகும். கேம்பிரிட்ஜ் மாணவர் இருவர், டேவிட் பிரேபனும் இயன் பெல்லும், 1984இல் வெளியிட்ட 'எலீட்' என்னும் கணிப்பொறி விளையாட்டில், ஆடுபவன் சிறு வணிகனாகப் புறப்படுகின்றான். கோள்களின் ஆட்சிமுறை எண்வகைப்படும். ஆட்சியற்ற கோளை நெருங்குந்தோறும் கொள்ளையர் மிகுவர். கொள்ளையனைச் சுட்டு வீழ்த்தினால் பரிசு. வணிகனைச் சுட்டால் பழி. அடிமைகளையோ போதைப்பொருளையோ ஏற்றிச் சென்றாலும் பழியுண்டு. ஆடுபவனே அப்பழியை ஏற்றுக் கொள்ளையனாகவும் மாறலாம். அவ்விளையாட்டில் யாவரும் நினைவுகூரும் இடர் கொள்ளையரன்று. சுழலும் நிலையத்தின் சிறு வாயிலுக்கு நேரே கலத்தை அதே சுழற்சியில் சுழற்றி உட்செலுத்துவது. துறை அணைதலே பெருஞ்செயல் என்பதை மீகாமர் அனைவரும் ஒப்புவர்.

இனி, இக்கட்டுரையின் முதன்மைப் பொருளாகிய சி. ஜே. செரியின் நாவல்களுக்கு வருவோம். 'டவுன்பிலோ ஸ்டேஷன்' 1981இல் வெளிவந்து அடுத்த ஆண்டில் ஹியூகோ பரிசு பெற்றது. 'மெர்ச்சன்டர்ஸ் லக்' 1982இல் வந்தது. இவற்றுள் வழி, காவல், கொள்ளை ஆகிய மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்குமாறு அமைக்கப்பட்டுள்ளன.

கலம் ஓரிடத்திலிருந்து தாவி மற்றோரிடத்தில் தோன்ற, அங்கே விண்மீனோ ஒளியற்ற பெரும்பொருளோ இருத்தல் வேண்டும். தாவும் தொலைவுக்கும் எல்லை உண்டு. ஆதலின் விண்மீன்கள் மணிகளாகவும் தாவுநெறிகள் இழைகளாகவும் ஒரு வலை உருவாகின்றது. தாவி வந்த கலம் அளவிறந்த விரைவோடு தோன்றும். அவ்விரைவைக் கழித்த பின்னரே துறையை அணுகலாம். அது தோன்றிய ஒளி நிலையத்தைச் சேரும் முன்பே கலம் நெடுந்தொலைவு வந்திருக்கும். நிலையத்தின் காவலறையில் இருப்போர் காண்பது, கலம் முன்பு இருந்த இடத்தை. இப்போது இருக்கும் இடத்தையன்று. ஆகவே அவர்கள் கணிப்பொறியின் துணையால், இன்ன வகைக் கலம், இன்ன தலைவன், இன்ன விரைவு எனக் கருதி, அது இந்நேரம் எங்கிருக்கக்கூடும் என்பதைத் திரையில் வரைந்துகொள்கின்றனர். புதிய ஒளி வருந்தோறும் அவ்வரைவு திருத்தப்படுகின்றது.

அளவைகளைக் காண்டல், கருதல் எனப் பகுத்துக் கற்ற நமக்கு இது மிகவும் பழகிய வேறுபாடு. செரியின் உலகில் போக்குவரத்துக் காவல் காண்டலால் நடைபெறுவதன்று, கருதலால் நடைபெறுவது. கருதல் பொய்ப்பின் கலங்கள் மோதும். அல்லது பகைவன் துறைவாயிலில் நிற்பான். பெல் நிலையத்தின் காவலறைக் காட்சிகளில் வாசகர் கொள்ளும் பதற்றம் முழுவதும் இவ்விடைவெளியில் பிறக்கின்றது. வருவது நண்பனோ பகைவனோ என்பது தெரிய மணிக்கணக்காகும். தெரிந்தபோது செய்வதற்கு எதுவும் எஞ்சாது. போர்க்களத்தைக் காட்டாமல், திரையை நோக்கி அமர்ந்திருக்கும் பணியாளரைக் காட்டியே போரின் அச்சத்தை ஊட்டிய ஆசிரியர் இவர். இத்திறம் ஸ்மித்தின் ஆயிரம் ஒளிக்கதிர்ப் போர்களுக்கு வாய்க்காதது.

இனிக் கொள்ளையர். நிலவுலகக் குழுமத்தின் படை, பிரிந்துசென்ற யூனியன் என்னும் அமைப்போடு நெடுங்காலம் போரிடுகின்றது. குழுமமோ அப்படைக்குப் பொருளனுப்புவதைக் கைவிட்டுவிட்டது. கான்ராட் மசியான் தலைமையில் அப்படையினர் உணவுக்கும் கருவிக்கும் ஆளுக்கும் வணிகக் கலங்களையே நாடுகின்றனர். கேட்டுப் பெறுகின்றனர், பின்னர் கேளாமலும் பெறுகின்றனர். பிடிபட்ட வணிகர் இளைஞர் படையில் சேர்க்கப்படுகின்றனர். இந்நிலையில் குழுமத்தின் தூதர் யூனியனோடு உடன்படிக்கை செய்துகொள்கின்றார். மசியான் அதற்குக் கீழ்ப்படிய மறுக்கின்றான். நேற்றுவரை படை எனப்பட்டது இன்று கொள்ளைக் கூட்டம். கலங்கள் அவையே, செயலும் அதுவே. மாறியது ஒரு கையெழுத்து.

பாலை என்பது தனி நிலமன்று, முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்த நிலையில் கொள்ளும் வடிவமே என்று இளங்கோவடிகள் காட்டிய கருத்து இங்கு நினைவுக்கு வருகின்றது. ஆறலை கள்வரும் ஒரு தனிச் சாதியாரல்லர். நிலம் வறண்டபோது மாந்தர் அடையும் ஒரு நிலை. செரி தமிழ் மரபை அறிந்தெழுதினார் என்று கூற வரவில்லை. வழங்கல் வறண்டபோது படை பாலையாகத் திரிகின்றது என்னும் அவர் நோக்கை, நம் மரபு தந்த சொல்லால் தெளிவுற விளக்கலாம் என்பதே கூற வந்தது. ஸ்மித்தின் கொள்ளையன் பிறவியிலேயே கொள்ளையன். செரியின் கொள்ளையரை நாம் சீருடையோடும் கட்டளையோடும் முன்பே கண்டிருக்கின்றோம். அவர்களுள் ஒருத்தியாகிய சிக்னி மலோரியின் உள்ளத்துள்ளும் புகுந்து வந்திருக்கின்றோம். மலோரி இறுதியில் மசியானை விட்டுப் பிரிகின்றாள். அறவுணர்வு திடீரென விழித்ததால் அன்று, எல்லை ஒன்றைக் கடக்கமாட்டாமையால் பிரிகின்றாள். அவள் முன்னர்ச் செய்த கொடுமைகளை நாவல் மறைப்பதுமில்லை, மன்னிப்பதுமில்லை.

இவ்விரு பெரும்படைகளுக்கும் நடுவே வணிகர் என்ன செய்கின்றனர்? எலீன் குவென் என்பவள் தன் குடும்பக் கலத்தையும் அதிலிருந்த உறவினர் அனைவரையும் போரில் இழந்தவள். அவள் முயற்சியால் வணிகக் கலங்கள் ஒன்றுபட்டுப் பெல் நிலையத்தைத் தம் தளமாகக் கொள்கின்றன. அவற்றிடம் பெரும் படைக்கலம் இல்லை. உள்ளது ஒன்றே, சரக்கேற்ற மறுத்தல். வலையின் இழைகளில் ஓடும் கலங்கள் நின்றுவிட்டால் மணிகளாகிய நிலையங்கள் பட்டினி கிடக்கும். வழியை உடையவர் அதில் நடப்பவரே என்னும் இத்தீர்வு, ஹெர்பர்ட்டின் கழகத்துக்கு நேர்மாறானது.

குறைகளும் உள. நாவலின் முதல் அதிகாரம் வரலாற்றுப் பாடநூல் போல் வறண்டிருக்கின்றது. பயிற்சியில்லாத வாசகர் அவ்விடத்திலேயே நூலை மூடிவைப்பர். ஹிசா எனப்படும் பழங்குடி உயிரினத்தாரைக் குழந்தைகளைப் போலப் பேசவைத்து இரக்கம் தேடுதல், நாவலின் ஏனைய பகுதிகளின் கடுமைக்கு ஒவ்வாதது.

'மெர்ச்சன்டர்ஸ் லக்' அளவில் சிறிது. ஆயின் எம் மதிப்பீட்டில் இரண்டனுள் செப்பமானது. சாண்டர் கிரேயா என்பவன் குடும்பத்தார் நிறைந்திருக்க வேண்டிய கலத்தை ஏறத்தாழத் தனியனாகவே ஓட்டுகின்றான். மசியான் படையினர் அவன் குடும்பத்தைக் கொன்றுவிட்டனர். 'லெ சைன்' என்னும் கலத்தின் உண்மைப் பெயரை மறைத்து, 'லூசி' என்னும் பொய்ப்பெயரோடும் தனக்கொரு பொய்ப்பெயரோடும் துறைதோறும் கடனும் அச்சமுமாக அலைகின்றான். கலத்தின் கணிப்பொறி இறந்துபோன உறவினன் ராஸின் பதிந்துவைத்த குரலில் அவனுக்கு வழிசொல்கின்றது. கொள்ளையின் விளைவை இதனினும் சுருங்கச் சொல்ல இயலுமோ? ஆண்டர்சன் 12 என்று எண்ணிவிட்டுக் கடந்துபோன மாந்தருள் ஒருவன் இங்கே எஞ்சிநின்று பேசுகின்றான்.

சாண்டருக்குக் கொள்ளையரைவிடப் பெரிய அச்சம் காவலறையின் வினா. கலத்தின் பெயர் யாது, உரிமையாளர் யார், சான்று எங்கே என்று நிலையம் கேட்குந்தோறும் அவன் நடுங்குகின்றான். கொள்ளையால் அழிந்தவன் சட்டத்தின் கண்ணுக்குக் கொள்ளையனைப் போலவே தோற்றமளிக்கின்றான். பெயர் மறைத்தவர் இருவருமே. அல்லிசன் ரெய்லி என்பவளைத் தொடர்ந்து, ஓய்வின்றித் தாவிப் பெல் நிலையத்தை அவன் அணுகும் பகுதியில், தன்னினைவு தடுமாறுகின்றது. நிலையத்தின் குரல் அவனை அழைத்துக்கொண்டே இருக்கின்றது. அக்குரல் ஒருபுறம் அவனைப் பிடிக்கப்போகும் கை. மறுபுறம் அவன் உயிரைக் காக்கும் கை. காவலின் இவ்விருமுகத்தை ஒரே காட்சியில் வைத்த இடம் இந்நாவலின் உச்சம். பின்னர் மலோரி அவனைக் கொள்ளையருக்கு இரையாக நிறுத்தித் தன் வேட்டைக்குப் பயன்படுத்துகின்றாள். கொள்ளையரிடமிருந்து பிரிந்து வந்தவளே இப்போது வழிகாப்பவள். அவள் முறையோ பழைய முறையேதான்.

இந்நாவல்களைத் தமிழாக்க முற்படுவோர் ஒரு சொல்லை எண்ணிப்பார்த்தல் வேண்டும். வணிகர் அப்படையினரைக் கொள்ளையர் என்று பொதுப்பெயரால் அழைப்பதினும், தலைவன் பெயரால் 'மசியானி' என்றே மிகுதியும் அழைக்கின்றனர். கடற்கொள்ளையர் என்றோ விண்கொள்ளையர் என்றோ பெயர்த்தால், முன்பு அவர்கள் படையினராக இருந்த செய்தி மறைந்துவிடும். நம் சங்கப் பாடல்களில் மழவர் ஓரிடத்தில் தலைவனுக்குத் துணைநிற்கும் போர்வீரர். மற்றோரிடத்தில் ஆநிரை கவர்ந்து வழிச்செல்வோரை வருத்துவோர். பெயர் ஒன்றே. 'மசியானியர்' என்று அப்பெயரையே நிறுத்தி, அவர்கள் யாவர் என்பதை இடம் நோக்கி வாசகரே உணரவிடுதல் தகும்.